கழிவுநீர்க் குழாயும் ஓர் அரைப் புள்ளியும்

வளவில் இறங்க வேண்டிய தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலை. பல் தேய்க்கச் செம்பை எடுத்துக்கொண்டு அறையை விட்டு வெளியே வந்தவன், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். வீட்டின் நடுவில் வானம் பார்த்துக் கிடக்கும் முற்றத்தைத்தான் நாங்கள் வளவு என்போம். நாலு பக்கத்து ஓட்டு மழையும் அதில்தான் விழும். விழுந்தது ஒரு மூலையில் இருக்கும் கல் ஓட்டைக்குள் புகுந்து, தரைக்கு அடியில் ஓடும் குழாய் வழியே அடுப்படியைத் தாண்டிப் பின் தெருவுக்குப் போய்விடும். பாட்டனார் வீடு கட்டிய நாளிலிருந்து அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அன்று போகவில்லை. போனதெல்லாம் திரும்பி வந்துகொண்டிருந்தது.

கல் ஓட்டையிலிருந்து குமிழ் குமிழாகத் தண்ணீர் கிளம்பியது. முந்தின நாள் வீட்டில் யார் என்ன சமைத்தார்கள், யார் தலைக்குக் குளித்தார்கள் என்பதெல்லாம் அதில் தெரிந்தது. மென்று துப்பிய முருங்கைக்காய்ச் சக்கை, சீயக்காய் நுரை, கறிவேப்பிலை, யாரோ வெற்றிலை போட்டுக் கொப்பளித்த சிவப்பு. நாற்றம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால் அதற்குச் செய்யும் மரியாதை போதாது.

என் மனைவி தெய்வானை கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு பின்னால் வந்து நின்றாள்.

“என்னங்க, வாசப்படியில ரசம் மெதக்குது.”

“யாரு வீட்டு ரசம்?”

“அது தெரிஞ்சு என்ன செய்யப் போறீங்க?”

போன வாரம் நான் வாத்தியார் வேலையில் சேர்ந்த கதையைப் படித்துவிட்டு, அறந்தாங்கியிலிருந்து ஒரு வாசகர், “உங்கள் வாழ்க்கையில் அதிர்ச்சியான சம்பவமே கிடையாதா?” என்று கேட்டு எழுதியிருக்கிறார். உண்டு ஐயா. அது சாக்கடையில் ஆரம்பிக்கிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டாவது படியுங்கள். இதில் வருகிற உமையாள் ஆச்சி இப்போது இல்லை. அவர் மகள் மீனாவிடம் கேட்டு, “எழுதுங்க சித்தப்பா” என்று அவள் சொன்ன பிறகுதான் பேனாவை எடுத்தேன்.

ஒன்பது புள்ளி

எங்கள் ஊர் திருமயத்துக்குப் பக்கம். வீடு முன் தெருவில் தொடங்கிப் பின் தெருவில் முடியும். வெளியூர்க்காரர்கள் பார்த்துவிட்டு அரண்மனை என்பார்கள். அரண்மனைக்குள் ஆளுக்கு ஓர் அறை, ஓர் அடுப்பு, சாமான் வைக்க ஓர் இருட்டு உள்ளறை, அவ்வளவுதான். பாட்டனாரின் பேரன்மார் நாங்கள் ஒன்பது பேர், ஒன்பது குடும்பம். முற்றம், கூரை, கிணறு, தரைக்கு அடியில் இருக்கும் குழாய் எல்லாம் பொது.

பொதுவில் செலவு வந்தால் புள்ளிக் கணக்கு. கல்யாணமான ஒருவனும் அவன் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி. கல்யாணம் ஆகாதவனுக்குப் புள்ளி கிடையாது, அவன் எத்தனை குடம் ஊற்றிக் குளித்தாலும் சரி. இருவரில் ஒருவர் போய்விட்டால் மிச்சம் இருப்பவர் அரைப் புள்ளி. கோயில் வரியும் அப்படித்தான், ஊர்ப் பொதுவும் அப்படித்தான். பிறந்ததிலிருந்து இந்தக் கணக்கைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது மழை பெய்வது போல ஒரு சங்கதி. யாரும் நின்று யோசிப்பதில்லை.

செலவைப் பார்த்துப் பிரிக்கும் வேலை வருஷத்துக்கு ஒருவர் முறை. நான் புள்ளியானதே எட்டு மாதத்துக்கு முன்னால். ஆனாலும், “கணக்கு வாத்தியாருதான, எழுதிக் கிழிக்கட்டும்” என்று அந்த வருஷத்து முறையை என் தலையில் கட்டியவர் வள்ளியப்பண்ணன். எங்கள் பெரியப்பா மகன், பங்காளிகளில் மூத்தவர். ரங்கூனில் இருந்த கடை ஜப்பான்காரன் சண்டையில் போனதிலிருந்து அவருக்குச் செலவு என்ற சொல்லே ஆகாது. தீக்குச்சியைப் பிளேடால் இரண்டாகப் பிளந்து வைத்துக்கொண்டு உரசுவார். பிளந்த குச்சியில் பாதி எரியாது, அது வேறு விஷயம்.

அவருடைய தம்பிதான் சாத்தப்பண்ணன். சாத்தப்பண்ணன் மனைவி உமையாள் ஆச்சி.

பர்மாவில் குண்டு விழுந்தபோது சாத்தப்பண்ணன் பெகுப் பக்கம் ஒரு சின்ன ஊரில் கடையில் இருந்தார். கப்பல் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள். கிடைக்காதவர்கள் காடு மலை என்று நடந்தார்கள். சாத்தப்பண்ணன் எதிலும் வந்து சேரவில்லை. நான் சொல்லும் ஐப்பசிக்கு அது நடந்து பத்து வருஷம் ஆகிவிட்டது. கடிதாசி இல்லை, ஆள் சொன்னது என்று ஒரு சேதியும் இல்லை. வள்ளியப்பண்ணன் முதல் நாலைந்து வருஷம் திரும்பி வந்தவர்கள் வீடுகளையெல்லாம் தேடிப் போய் விசாரித்தார். பிறகு போவதில்லை.

உமையாள் ஆச்சி நெற்றியில் பொட்டு இருந்தது. கழுத்தில் தாலி இருந்தது. யார் கேட்டாலும், “பர்மாவில இருக்காக” என்பார். அதற்கு மேல் பேச்சை வளர்க்க மாட்டார். மகள் மீனாவுக்குப் பதினைந்து வயது. பக்கத்து ஊரில் ஒரு நல்ல இடத்தில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. தை பிறந்ததும் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் கேட்ட முதல் கேள்வியும் அதுதான், பெண்ணுக்கு அப்பச்சி, அதாவது தகப்பனார், எங்கே என்று. பர்மாவில் இருக்கிறார் என்ற பதிலை அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். நம் பக்கத்தில் அப்படி எத்தனையோ வீடு அப்போது.

மேஸ்திரி தோண்டினார்

கருப்பையா மேஸ்திரி இரண்டு ஆட்களோடு வந்தார். முதலில் மூங்கில் பிளாச்சை ஓட்டைக்குள் விட்டுக் குத்தினார். நாலு முழம் போய் நின்றுவிட்டது. பின் தெருப் பக்கமிருந்து குத்தினார். அங்கேயும் அப்படியே. தரையை உடைக்க வேண்டும் என்றார்.

அது சுண்ணாம்பும் கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் போட்டு இழைத்த தரை. குனிந்தால் முகம் தெரியும். அதன் மேல் முதல் கடப்பாரை விழுந்தபோது கதவுக்குக் கதவு நின்ற பெண்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

உள்ளே இருந்து வந்த சாமான்களைச் சொல்ல வேண்டும். ஒரு பித்தளைக் கரண்டி, குழந்தைக்குப் பால் புகட்டும் வெள்ளிச் சங்கு, காது குடையும் குச்சி, சீப்பில் பாதி, பகடைக் காய் ஒன்று. எல்லாம் கறுத்துக் கிடந்தன. சாணம் போட்டுத் தேய்த்ததும் வெள்ளிச் சங்கு பளபளத்தது. உடனே அது யாருடையது என்று மூன்று பெண்களுக்குள் சண்டை. மூவருமே தங்கள் பிள்ளைக்குப் புகட்டிய சங்கு அதுதான் என்று சாமி மேல் சத்தியம் செய்தார்கள். மூன்று பிள்ளைகளுக்கும் அப்போது மீசை முளைத்திருந்தது.

மேஸ்திரி குழியில் இறங்கி ஒரு குழாய்த் துண்டைத் தூக்கினார். பாட்டனார் காலத்துச் சுட்ட மண் குழாய். கையிலேயே பொலபொலவென்று உதிர்ந்தது. குழாய்க்குள் பின் வீட்டு வேப்ப மரத்து வேர், என் மணிக்கட்டுப் பருமனுக்கு.

“எத்தனை அடி மாத்தணும் மேஸ்திரி?” என்று கேட்டேன்.

“எத்தனை அடிய விட்டு வைக்கலாம்னு கேளுங்க.”

“எத்தனை அடி?”

“ஒரு அடிகூட இல்லைங்க.”

மேஸ்திரி குழியின் பக்கவாட்டு மண்ணை ஒரு பிடி எடுத்து என் முன்னால் பிழிந்தார். விரலிடுக்கில் கறுப்புத் தண்ணீர் வழிந்தது.

“பாத்தீங்களா. பத்துப் பன்னெண்டு வருசமா தண்ணி வெளிய போகலைங்க. கொஞ்சம் அங்கிட்டுப் போயிருக்கு. மிச்சமெல்லாம் ஒங்க தரைக்குக் கீழதான் எறங்கியிருக்கு. தூணு அஸ்திவாரம் வரைக்கும் ஊறிக் கெடக்கு. இப்படியே விட்டா இந்த வளவு ஒரு நா உக்காந்துரும்.”

நாங்கள் பாய் விரித்துப் படுத்திருந்தது எதன் மேல் என்று அப்போதுதான் தெரிந்தது. தெய்வானை இரண்டு நாள் சாப்பிடவில்லை. என்னாலும் அந்த வாரம் முழுக்கத் தரையில் உட்கார முடியவில்லை, நாற்காலியில் காலை மடக்கிக்கொண்டு இருந்தேன்.

புதுக்கோட்டையில் கேட்ட விலை

இனிமேல் மண் குழாய் வேண்டாம், மெருகு ஏற்றிச் சுட்ட பீங்கான் குழாய்தான் நிற்கும் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்குப் போனேன். இரும்பு சாமான் கடை முதலாளி நான் கொடுத்த சீட்டைப் படித்துவிட்டு, என் வேட்டியைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார்.

“வீட்டுக்கா, சத்திரத்துக்கா?”

“வீட்டுக்குத்தாங்க.”

“பெரிய வீடா இருக்கும் போல” என்று சொல்லிவிட்டு விலையைச் சொன்னார்.

குழாய், வளைவு, சிமிட்டி, வண்டி வாடகை, மேஸ்திரி கூலி, உடைத்த தரையைத் திரும்பப் போடுவது என்று கடைவாசலில் நின்றே கூட்டினேன். கூட்டல் தப்பு என்று நினைத்து மறுபடி கூட்டினேன். ஆயிரத்து எண்ணூறு ரூபாய். என் சம்பளம் அப்போது அறுபது. முப்பது மாதம் உண்ணாமல் உடுக்காமல் சம்பளத்தை அப்படியே அந்த ஓட்டைக்குள் போட வேண்டும். பக்கத்துக் கடையில் ஒரு சோடா வாங்கிக் குடித்தேன். அதற்கு அரையணா கொடுத்ததுகூட அன்று கையை உறுத்தியது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் வள்ளியப்பண்ணன் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டார்.

“பொன்னுல குழாய் அடிச்சுப் போடப் போறானா?”

“பீங்கான் அண்ணே.”

“சாப்புடுற தட்டே நமக்கு பீங்கான் கெடையாது. சாக்கடைக்குப் பீங்கானா?”

மலேயாவிலிருந்து லீவில் வந்திருந்த ஒரு பங்காளி வேறு மாதிரி ஆரம்பித்தார். தான் மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் வந்து குளிக்கிறவன், தன் தண்ணீர் அந்தக் குழாயில் எத்தனை செம்பு போயிருக்கும் என்று கேட்டார். அவர் மனைவி இங்கேதான் இருக்கிறார், தினம் மூன்று வேளை பாத்திரம் கழுவுகிறார் என்பதை யார் சொல்வது என்று எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கடைசியில் ஒரு தூண் அடியில் மண் இரண்டு விரல் கீழே இறங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எல்லோரும் சரி என்றார்கள்.

நான் போட்ட கணக்கு

இங்கேதான் என் கெட்டிக்காரத்தனம் வருகிறது.

ஆயிரத்து எண்ணூறை ஒன்பதால் வகுத்தால் புள்ளிக்கு இருநூறு. சுலபமான கணக்கு. நான் அதோடு நிற்கவில்லை. உமையாள் ஆச்சிக்கு இருநூறு ரூபாய் எங்கிருந்து வரும் என்று யோசித்தேன். சாத்தப்பண்ணன் அனுப்பிக்கொண்டிருந்த பணம் நின்று பத்து வருஷம். வயல் குத்தகை நெல்லை வைத்துக்கொண்டு தாயும் மகளும் காலத்தை ஓட்டுகிறார்கள். எதிரே மகள் கல்யாணம் நிற்கிறது. அவருக்கு அரை என்று போட்டால் நூற்று ஆறோடு போகும். மற்றவர்களுக்குப் பன்னிரண்டு ரூபாய்க்குள்தான் கூடும். யாருக்கும் வலிக்காது.

இதை நானே யோசித்தேன், நானே மெச்சிக்கொண்டேன். தெய்வானையிடம்கூடச் சொல்லவில்லை. தர்மம் செய்கிறவன் தம்பட்டம் அடிக்கக் கூடாது என்று நினைப்பு.

எங்கள் வீட்டில் செலவுப் பட்டியலைப் பொதுவில் வாசிக்க வேண்டும். மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். ஆண்கள் வளவைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் அவரவர் அறை வாசலில். கருப்பையா மேஸ்திரியும் ஆட்களும் குழி ஓரத்தில் கூழ் குடித்துக்கொண்டிருந்தார்கள். மலேயாக்காரரைப் பார்க்க வந்த பக்கத்து ஊர்க்காரர் ஒருவரும் இருந்தார்.

நான் எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கிற குரலில் வாசித்தேன். வள்ளியப்பன், ஒரு புள்ளி, இருநூற்றுப் பன்னிரண்டு. அடுத்த பெயர். சாத்தப்பன், அரை.

அதற்கு மேல் வாசிக்க முடியவில்லை. யாரும் என்னைத் தடுக்கவில்லை. சத்தம்தான் நின்றுபோயிருந்தது. மேஸ்திரியின் ஆள் ஒருவன் கூழ்க் கலயத்தை வாய்க்குக் கொண்டுபோனவன் அப்படியே வைத்திருந்தான்.

உமையாள் ஆச்சியின் முகத்தை நான் பார்த்தேன். ரத்தம் வடிந்து வெளுத்துப்போயிருந்தது. தூணை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற மீனா தாயைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை இன்றைக்கும் எனக்கு ஆகாது. அப்போதுதான் நான் என்ன செய்தேன் என்பது எனக்கே உறைத்தது. ஆறு மாதக் கர்ப்பிணியைப் படியிலிருந்து தள்ளிவிட்டவன்கூட அப்படி விதிர்விதிர்த்திருக்க மாட்டான். பத்து வருஷம் ஊரில் ஒருத்தர் வாயிலிருந்தும் வராத வார்த்தையை நான் பென்சிலால் எழுதி, எழுந்து நின்று வாசித்துவிட்டேன். ஒரு மனிதரைச் சாகடித்து, ஒரு பெண்ணின் தாலியை அறுத்து, அதைச் சலுகை என்று நினைத்திருக்கிறேன்.

ஆச்சி வளவில் இறங்கி வந்தார். ஆண்கள் உட்கார்ந்திருக்கும்போது அவர் அப்படி வந்து நான் பார்த்ததில்லை.

“தம்பி, முழுசாப் போடுங்க.”

“ஆச்சி, நான் ஒங்களுக்குச் செலவு கொறையட்டும்னுதான்...”

“தெரியும். முழுசாப் போடுங்க.”

பென்சிலை எடுத்தேன். அரையை அடித்துவிட்டு ஒன்று என்று எழுதி, மற்ற எல்லோர் தொகையையும் அடித்து இருநூறு என்று திருத்தினேன். பிறகு எல்லோர் முன்னாலும் ஆச்சி காலில் விழுந்தேன். ஆச்சி விலகிக்கொண்டார். வள்ளியப்பண்ணன் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அன்று தெய்வானை எனக்குச் சோறு போட்டாள். பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. மூன்றாம் நாள், “கணக்கு தெரிஞ்சா போதுமா” என்று மட்டும் கேட்டாள்.

அண்டா போன வழி

பணம் கட்ட ஒரு மாதம் தவணை. இருபது நாள் கழிந்து, பின் தெருவில் ஒரு மாட்டு வண்டி நின்றது. உமையாள் ஆச்சி அறையிலிருந்து பாத்திரங்கள் போய்க்கொண்டிருந்தன. பித்தளை அண்டா இரண்டு, பெரிய உருளி, தவலை, குத்துவிளக்கு ஜோடி, அடுக்கு. அவர் கல்யாணத்துக்குப் பிறந்த வீட்டில் கொடுத்த சீர். மீனாவுக்கு என்று எண்ணெய் துடைத்து உள்ளே அடுக்கி வைத்திருந்தவை. எடைக்கு எடுக்கிற வியாபாரி தராசோடு வந்திருந்தான். உருளியை அவன் தரையில் போட்ட சத்தம் எனக்கு நெஞ்சில் கேட்டது.

நான் ஓடிப்போய், “ஆச்சி, பாதிய நான் கட்டுறேன். யாருக்கும் தெரிய வேண்டாம்” என்றேன். கல்யாணத்துக்கு எனக்குப் போட்ட மோதிரம் இருந்தது.

ஆச்சி கோபிக்கவில்லை. பொறுமையாகத்தான் சொன்னார். “ஒங்க காசு அதுல ஒரு ரூவா சேந்தாலும் அது ஒங்க புள்ளியாயிரும் தம்பி. சாத்தப்பன் புள்ளி முழுசா இருக்கணும்.”

எண்ணிப் பார்த்தால் இருநூறு ரூபாய்க்கு மேல் ஆறு ரூபாய் வந்தது. அந்த ஆறு ரூபாய்க்கு மீனாவுக்கு வளையல் வாங்கினார்.

மார்கழி முடிவதற்குள் புதுக் குழாய் பதித்தாகிவிட்டது. ஓட்டையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால், ஒருவன் பின் தெருவுக்கு ஓடிப் பார்ப்பதற்குள் அங்கே வந்து விழுந்தது. சரியாகத் தை மூன்றாம் தேதி பெண் பார்க்க வந்தார்கள். வளவில் சுண்ணாம்பு வாசனை அடித்தது. பட்டியல் வாசித்த சங்கதி பக்கத்து ஊருக்குப் போயிருந்தது, அது எனக்குத் தெரியும். வந்தவர்களில் ஒரு மூத்த அம்மாள் சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டார். “ஒங்க வீட்டுல சாத்தப்பன் புள்ளிய என்னமோ கொறைச்சு எழுதுனதாச் சொன்னாகளே?”

வள்ளியப்பண்ணன்தான் பட்டியலை எடுத்துவரச் சொல்லி அவர் கையில் கொடுத்தார். பணம் கட்டியதற்கு எதிரே ஒன்பது முழுப் புள்ளி இருந்தது.

“எங்க வாத்தியாருக்குக் கணக்குல தப்பு விழுந்துருச்சு. திருத்தியாச்சு” என்றார்.

என் வேலையைப் பற்றி அவ்வளவு பேர் முன்னால் அப்படிச் சொன்னதற்கு நான் அவருக்கு நன்றியாக இருந்தேன். வைகாசியில் கல்யாணம். உமையாள் ஆச்சி பட்டுடுத்திப் பொட்டிட்டு முன்னால் நின்று மகளைக் கொடுத்தார். நான் பாயச வாளியைத் தூக்கிக்கொண்டு பந்திக்கும் அடுப்படிக்கும் ஓடினேன்.

மறுபடியும் என் முறை

இடையில் கல்யாணம் ஆனவர்கள் சேர்ந்து சுற்று நீண்டுவிட்டது. பொதுச் செலவு மறுபடி என் கைக்கு வந்தபோது எனக்குத் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. இந்தி வேண்டாம் என்று பள்ளிக்கூடப் பையன்கள் ரோட்டுக்கு வந்த வருஷம் அல்லது அதற்கு அடுத்தது. பின் தெருவில் பஞ்சாயத்தார் சிமிட்டிச் சாக்கடை கட்டினார்கள். ஒவ்வொரு வீட்டுக் குழாயையும் இன்னும் சில அடி நீட்டி அதில் சேர்க்க வேண்டும் என்றார்கள். பெரிய தொகை இல்லை. புள்ளிக்குப் பதினைந்து ரூபாய் வந்தது.

ஒரு தரம் சூடு கண்டவன் நான். பட்டியலை எழுதியதும் முதலில் உமையாள் ஆச்சியிடம்தான் கொண்டுபோனேன். அவருக்கு ஐம்பது தாண்டியிருந்தது. கண்ணாடி போட்டிருந்தார். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“ஆச்சி, இன்னைக்குப் பட்டியல் வாசிக்கணும். ஒங்க புள்ளி முழுசாப் போட்டிருக்கேன்.”

அவர் முறத்தைக் கீழே வைத்தார்.

“அரைன்னு போடுங்க தம்பி.”

எனக்கு விளங்கவில்லை. பதினைந்து ரூபாய்க்குக்கூட முடியவில்லையோ என்றுதான் புத்தி போனது. மருமகன் வசதியாக இருக்கிறார், மாதம் தவறாமல் அனுப்புகிறார் என்பதும் தெரியும்.

“சேதி ஏதும் வந்துச்சா ஆச்சி?”

“வந்துச்சு.”

“எப்ப?”

“குண்டு விழுந்ததுக்கு மறு வருசம் ஆடியில.”

நான் கேட்டது என் காதில்தான் விழுந்ததா என்று சந்தேகமாக இருந்தது. வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். ஆச்சி என்னைப் பார்க்காமல் அரிசியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். பரமக்குடிப் பக்கத்து ஆள் ஒருவர் பின் தெருக் கதவைத் தட்டியிருக்கிறார். சாத்தப்பண்ணன் கடையில் அவருக்கு உதவியாக, அடுத்தாளாக இருந்தவர், அவரோடு சேர்ந்து நடந்து வந்தவர். வழியில் ஓர் ஆற்றங்கரையில் வாந்திபேதி. ஒரு பகல்தான். அங்கேயே மண்ணைத் தோண்டிப் புதைத்துவிட்டு மற்றவர்கள் நடந்திருக்கிறார்கள்.

“ஆத்துப் பேருகூட அவருக்குத் தெரியல. மோரு குடுத்தேன், குடிச்சாரு. இந்த வீட்டுல யாருக்கும் சொல்லாதீகன்னு கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிட்டேன். மீனாவுக்கு அப்ப ஆறு வயசு.”

“வள்ளியப்பண்ணன் நாலஞ்சு வருசம் ஊரு ஊரா அலைஞ்சாரே ஆச்சி.”

“பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அதுக்கு நான் எந்த நரகத்துக்குப் போகணுமோ தெரியல. சொன்னா அன்னையோட நான் மூலையில உக்காரணும். அப்பன் இல்லாத புள்ளைன்னு அவளத் தள்ளி வச்சுப் பேசுவாக. அவள ஒரு எடத்துல சேக்குற வரைக்கும் அவுக இருந்தாகணும்னு நெனச்சேன்.”

“அப்ப அன்னைக்கு நான் அரைன்னு வாசிச்சப்ப...”

“ஒங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு நெனச்சேன் தம்பி. உசுரே போயிருச்சு. நீங்க செலவக் கொறைக்கத்தான் எழுதுனேன்னு சொன்ன பெறகுதான் மூச்சு வந்துச்சு.”

பதினாலு பதினைந்து வருஷமாக நான் அந்த வெளுத்த முகத்தை நினைத்து நினைத்து மருகியிருக்கிறேன். உயிரோடு இருக்கிறவரைச் செத்ததாக எழுதிவிட்டேன் என்று. நான் எழுதியது சரியான கணக்கு. அது சரி என்று தெரிந்த ஒரே ஒருவர், அண்டாவையும் உருளியையும் எடைக்குப் போட்டு அதைத் தப்பாக்கியிருக்கிறார்.

“இப்ப எதுக்கு ஆச்சி? இப்படியே இருந்துறலாமே.”

“அவ மாமியாரும் போன மாசம் போயிட்டாக. அவளுக்கு மூணு புள்ளை ஆச்சு. இனிமே அவள யாரு என்ன சொல்லப் போறாக.” ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே எறிந்தார். “தெனமும் கண்ணாடி பாத்துப் பொட்டு வைக்கிறப்ப, செத்தவுகள வச்சு வெளையாடுற மாதிரி இருக்கு தம்பி. எள்ளும் தண்ணியும் எறைக்க ஆளில்லாம எங்கயோ கெடக்காக. எனக்கு ஓஞ்சுபோச்சு.”

மத்தியானம் வளவில் எல்லோரும் கூடினார்கள். நான் எழுந்து நின்றேன். வள்ளியப்பன் என்று வாசித்தேன். அடுத்த பெயரில் குரல் வரவில்லை. இரண்டு தரம் கனைத்துப் பார்த்தேன்.

வாசலில் நின்ற உமையாள் ஆச்சி தானே சொன்னார். “சாத்தப்பன், அரை.”

இந்தத் தடவை அந்தச் சத்தமில்லாமை நீளவில்லை. வள்ளியப்பண்ணன் தம்பி மனைவி முகத்தைப் பார்த்தார். அவருக்கு அதிகம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எழுபது வயது மனிதர் வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு தூணோடு சரிந்தார். பிறகு பெண்கள் அழத் தொடங்கினார்கள். செத்து இருபது வருஷத்துக்கு மேலான ஒருவருக்காக எங்கள் வீடு அன்று மத்தியானம்தான் அழுதது.

எத்தனை வருஷம் கழித்துக் கேட்டாலும், சாவுச் சேதி கேட்டால் பங்காளிகள் தலை முழுக வேண்டும். கிணற்றில் இறைத்து இறைத்து ஒவ்வொருவராக வளவிலேயே ஊற்றிக்கொண்டோம். மலேயாக்காரரும் ஊற்றிக்கொண்டார். தெய்வானை ஆச்சியைக் கையைப் பிடித்து அழைத்துவந்து தலையில் ஊற்றினாள். பொட்டு கரைந்து ஓடியது. அதற்கு மேல் நான் பார்க்கவில்லை, திரும்பிக்கொண்டேன்.

எல்லாம் ஓய்ந்த பிறகு, என் புத்தி போகிற இடத்துக்குத்தான் போனது. ஆச்சியிடம் போய், “அந்த வருசம் ஒங்ககிட்டக் கூடுதலா வாங்குன தொகைய எல்லாருமாப் போட்டுத் திருப்பிக் குடுத்துர்றோம் ஆச்சி” என்றேன்.

ஆச்சி ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார்.

“வேண்டாம் தம்பி. அந்த வருசம் எனக்கு அவுக இருந்தாக.”

சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் ஈர வேட்டியோடு வெளியே நின்றேன்.